அக்காவின் பங்கு

நெடுந்தீவில் கணினி டீச்சர் என்று பெயர் எடுத்தால் போதும், மின்விசிறி சுற்றாவிட்டாலும் ஆளனுப்புவார்கள். அன்று கூப்பிட்டவர் என் வாடகை வீட்டுக்குப் பின் வளவுக்காரி. அடுத்த வளவில் அவருடைய அக்கா. எல்லையில் நின்ற ஒரு பனைக்காக இருவருக்கும் இரண்டு வருடமாகப் பேச்சில்லை. ஆனால் லண்டனில் இருந்து தமையன் அனுப்பிய மடிக்கணினியோ ஒன்றே ஒன்று. காணி பிரிப்பது போல அதன் வன்தட்டையும் ஆளைப் பிடித்து இரண்டு பங்காக்கிவிட்டார்கள். கிழமைக்கு ஒருமுறை கணினி கல்வேலிக்கு மேலால் கைமாறும். ஒரு வார்த்தை கிடையாது.

இப்போது அந்தக் கணினி இயங்க மறுத்தது.

"டீச்சர், என்ர கலியாணப் படம் முழுக்க இதுக்குள்ளைதான். திங்கட்கிழமை விசாவுக்கு நேர்முகம். படம் காட்டாட்டி அவரிட்டைப் போக ஏலாது," என்றார் தங்கை. கனடாவில் இருக்கும் கணவரைக் கண்டு மூன்று வருடம்.

பென்டிரைவில் இருந்து லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றினேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஓடியதும் அவர் நெஞ்சில் கை வைத்தார். அது கணினி தொடங்கும்போது ஓடும் வெறும் பட்டியல்தான். ஆனாலும் நான் முகத்தைச் சுருக்கி, வேண்டுமென்றே விசைகளைப் பலமாகத் தட்டினேன். அதில் எனக்கொரு அற்ப சந்தோசம்.

'மவுண்ட்' கட்டளை கொடுத்துத் தங்கையின் பங்கைத் திறக்கப் பார்த்தேன். பிழை என்றது. மறுபடி கொடுத்தேன். மறுபடி பிழை. என் நடிப்பெல்லாம் பறந்துவிட்டது.

"வன்தட்டு முழுக்கப் பழுதோ தெரியேல்லை. அக்காவின்ர பங்கையும் ஒருக்கால் பாப்பம்."

"ஐயோ, வேண்டாம் டீச்சர்! கேக்காமல் திறந்தால் அதுக்கும் ஒரு சண்டை வரும்."

"அப்ப கேளுங்கோவன்."

"நானோ? செத்தாலும் கேக்கமாட்டன்."

கடவுச்சொல்கூடக் கேட்காத திரைக்கு முன்னால் இருந்துகொண்டு அனுமதி தேடுகிறோமே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. வெளியே போய்க் கல்வேலிக்கு மேலால் எட்டி, "அக்கா, உங்கட பங்கைத் திறக்கட்டோ?" என்று கத்தினேன்.

அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. "ஓம், திறவும். ஒளிக்க என்ன கிடக்கு?"

திறந்தேன். அக்காவின் கோப்புகளுக்கு நடுவே தங்கையின் கலியாணம், முந்நூறுக்கு மேல் படங்கள்.

தங்கை வேலியடிக்கு ஓடினார். இரண்டு வருடத்துக்குப் பிறகு வந்த முதல் பேச்சு இதுதான்: "என்ர படத்தைக் களவாய் எடுக்கச் சொல்லி ஆர் உனக்குச் சொன்னது?"

அக்கா சுளகைக் கீழே வைத்தார்.

"அதிலை நானும் நிக்கிறன்தானே."