மீன்கொத்தியை மறைத்த போஸ்டர்

இப்போதெல்லாம் ரயில் நிலையத்துக்குப் போகும்போது சாலையின் எதிர்ப்பக்கமாகத்தான் நடக்கிறேன். அந்த மதிலை நேராகப் பார்க்க எனக்கு முகமில்லை. இத்தனைக்கும் எங்கள் திண்டிவனத்தில் அந்தச் சுவரை என்னைப் போலக் கொண்டாடியவர் வேறு யாரும் இருக்க மாட்டார்கள்.

நான் வேலை பார்ப்பது விழுப்புரத்தில். தினமும் ரயிலில் போய் வருகிறேன். அங்கேதான் முதலில் சுவர்களில் படம் வரைந்தார்கள். அலுவலகம் போகிற வழியில் மயிலும் தாமரையும் பளிச்சென்று நிற்பதைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. மாவட்டத் தலைநகர் என்றால் எல்லாம் உங்களுக்குத்தானா என்று கூட வேலை செய்யும் பெண்களிடம் புலம்புவேன். உங்கள் ஊர்ச் சுவரில் போஸ்டர் ஒட்டவே இடமில்லை, படத்துக்கு எங்கே போவது என்று அவர்கள் கேலி செய்வார்கள்.

பிறகு எங்கள் ஊருக்கும் வந்தது. நிலையத்துக்குப் போகும் சாலையில், நீளமான ஒரு மதிலில், புதுச்சேரியிலிருந்து வந்தவர்கள் சாரம் கட்டி வரைந்தார்கள். ஏரி, கரை நெடுகப் பனைமரங்கள், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலைச் செடியை வேரோடு பிடுங்கித் தூக்கிக் காட்டும் ஒரு பெண். ஓரத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு மீன்கொத்தி. அந்த நீலத்தில் ஒரு பட்டுப்புடவை கிடைத்தால் கடன் வாங்கியாவது எடுத்துவிடுவேன். ரயிலுக்கு நேரமானாலும் அதன் முன்னால் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் போவேன். விழுப்புரத்து மயில் இதன் கால்தூசு பெறாது என்று அலுவலகத்தில் பீற்றிக்கொண்டேன்.

ஒரு நாள் காலை பார்த்தால், மீன்கொத்தியின் மேல் பெரிதாக ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர். எங்கள் பக்கம் சாவு விழுந்த வீட்டுக்காக வேண்டியவர்கள் ஒட்டுவது. நடுவில் இறந்தவர் படம், கீழே ஒட்டியவர்களின் படங்கள் வரிசையாக. அதை யாரும் கிழிக்க மாட்டார்கள். வெயிலில் வெளுத்து அதுவாக உதிரும், இல்லாவிட்டால் பசைக்கு ஆசைப்பட்டு மாடு தின்னும். இது எனக்கும் தெரியும். தெரிந்தும், போகும்போதும் வரும்போதும் ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஊரில் வேறு சுவரே இல்லையா இவர்களுக்கு? பறவையின் அலகு மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பாட்டிலில் தண்ணீரும் பழைய துணியும் எடுத்துக்கொண்டு போனேன். நனைத்து நனைத்து, ஓரத்திலிருந்து மெதுவாக உரித்தேன். அடியில் இருக்கும் பெயின்ட் பெயர்ந்துவிடக் கூடாதே என்பதுதான் என் கவலை. கையோடு வந்த காகிதத்தைச் சுருட்டிக் குப்பைத் தொட்டியில் போட்டேன். அதில் இருந்த முகத்தை நான் பார்க்கவே இல்லை. மீன்கொத்தி சேதாரமில்லாமல் வெளியே வந்துவிட்டது. வீட்டுக்குப் போய் இன்னொரு காபி போட்டுக் குடித்தேன், அவ்வளவு சந்தோஷம்.

நிலைய வாசலில் அவித்த மல்லாட்டை விற்கும் பெண் ஒருத்தி உண்டு. என்னைவிட வயதில் சிறியவள், அக்கா என்று கூப்பிடுவாள். கொஞ்ச நாளாக ஆளைக் காணவில்லை. உடம்பு சரியில்லையோ என்று நினைத்ததோடு சரி. அந்த வாரம் திரும்பி வந்தாள், நெற்றியில் பொட்டில்லாமல். மண்டியில் மூட்டை தூக்கிய அவள் கணவர் நெஞ்சு வலியில் போய்விட்டாராம். பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை வெளியே போகக் கூடாதென்று சொந்தக்காரர்கள் அவளை வீட்டுக்குள்ளேயே உட்கார வைத்திருந்தார்கள். முடிந்ததும் முதல் வேலையாக அவள் போனது அந்த மதிலைப் பார்க்கத்தான்.

"கூட மூட்டை தூக்கறவங்க போஸ்டர் அடிச்சாங்கக்கா, ஒண்ணே ஒண்ணு, பெருசா. எங்க ஒட்டறதுன்னு கேட்டாங்க. அந்தப் பட்சி மேலயே ஒட்டுங்கன்னு நான்தான் சொன்னேன். நீங்கல்லாம் நின்னு பாத்துக்கினு போற எடமாச்சே, அவரையும் நாலு பேரு நின்னு பாப்பாங்கன்னு."

நான் குனிந்து பையில் சில்லறை தேடினேன். அவளே தொடர்ந்தாள். "போய்ப் பாத்தா இல்லக்கா. மாடு துன்னுட்டு போயிருக்கும்."

ஆமாம், அந்தப் பக்கம் மாடு சுற்றும் என்றேன். வாய் கூசாமல் சொன்னேன்.

"நீங்க பாத்தீங்களாக்கா? எப்படி இருந்தாரு?"

உண்மையைச் சொல்வதென்றால் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் என் வாயிலிருந்து வந்தது வேறு.

"நல்லா இருந்தாரும்மா. சிரிச்ச முகமா."

மல்லாட்டையை அளந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்தி என்னைப் பார்த்தாள். "சிரிச்ச போட்டோ அவருக்கு ஒண்ணுகூட இல்லியேக்கா. ஆதார் கார்டுல இருக்கறதத்தான் குடுத்தனுப்பினேன்."

மாட்டிக்கொண்டேன் என்று நினைத்தேன். மாட்டிக்கொண்டால் நிம்மதி என்றும் தோன்றியது. என்னைத் திட்டட்டும், கூட்டம் கூட்டட்டும், தாங்கிக்கொள்ளலாம். ஆனால் அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது.

"இப்பல்லாம் கம்ப்யூட்டர்லயே சிரிக்க வெக்கறாங்களாமே," என்றாள். "அப்படித்தான் செஞ்சிருப்பாங்க."

பிறகு பக்கத்தில் பூ விற்கும் பெண்ணைக் கூப்பிட்டு, போஸ்டரில் அவர் சிரித்துக்கொண்டிருந்தாராம், அக்கா பார்த்தார்களாம் என்று சொல்லத் தொடங்கினாள்.