நாற்பது முடிந்த மறுநாள்

நானும் லண்டனில் இருக்கும் என் தங்கச்சியும் ஒரே மாதத்தில் பிள்ளை பெற்றோம். அவளுக்கு மகன், எனக்கு மகள். அவள் அங்கே ஒரு சுப்பர் மார்க்கெட்டில் வேலை செய்தாள். நான் இங்கே இலங்கையில், கல்முனையில் ஒரு புடவைக்கடையில் ஐந்து வருடமாகச் சேலை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தேன்.

வயிறு தெரியத் தொடங்கியதும் முதலாளியிடம் லீவு கேட்டேன். தனியார் கடையில் நிற்பவளுக்கும் பன்னிரண்டு கிழமை, எண்பத்துநான்கு நாள், சம்பளத்தோடு லீவு உண்டு என்கிறது சட்டம். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

"உங்களுக்கு நியமனக் கடிதமே இல்லையே புள்ள," என்றார், கோபமில்லாமல். "புள்ள பெத்து நாப்பது நாள் முடிய வாங்க. அதுவரைக்கும் இடத்த வெச்சிருக்கன்."

தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு செய்யச் சொன்னார்கள் சிலர். செய்தால் அந்தத் தெருவில் வேறு எந்தக் கடையும் என்னை எடுக்காது. என் கணவர் வீடு கட்டும் மேசன். மாரி மழையில் அவருக்கும் வேலையில்லை. பேசாமல் இருந்துவிட்டேன்.

நாற்பது முடிந்த மறுநாள் கடைக்குப் போனேன். பதினொரு மணிக்கெல்லாம் நெஞ்சு கல்லாய்க் கனத்து, அபாயா நனைந்தது. உள்ளறையில் துணிக்கட்டுகளுக்குப் பின்னால் நின்று பாலைப் பழைய துண்டொன்றில் பிழிந்தேன். அந்நேரம் வீட்டில் மகள் பால் போத்தலை வாயில் வைக்க விடாமல் கத்திக்கொண்டிருந்தாளாம். உம்மா சொன்னார்.

அந்தக் கிழமை தங்கச்சி வீடியோவில் வந்தாள். மகன் மடியில் பால் குடித்துக்கொண்டிருந்தான்.

"ராத்தா, ஆறு கிழமைக்குச் சம்பளம் கிட்டத்தட்ட முழுசா வந்திச்சி. இனிக் கொஞ்சம்தான் தருவாங்க. ஆனா ஒரு வருசம் வரைக்கும் வீட்ட நிக்கலாம், வேல போகாது. நீங்க எப்ப வேலைக்குப் போறீங்க?"

"நானா? இன்னும் நாள் கிடக்கு," என்றேன். ஏன் பொய் சொன்னேன் என்று தெரியவில்லை. வெட்கப்பட வேண்டியவள் நானில்லை.

இரண்டாம் மாதம் முடிவதற்குள் பால் வற்றிவிட்டது. பிறகு மகளுக்கு வயிற்றோட்டம். பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தோம். கையில் நரம்பு கிடைக்காமல் தலையில் ஊசி ஏற்றினார்கள். அசையாமல் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். பிடித்துக்கொண்டேன்.

நான்காம் நாள் முதலாளி போன் எடுத்தார். "பெருநாள் யாவாரம் புள்ள, ஆள் இல்லாம ஏலா. வேறொரு புள்ளய எடுத்துட்டன்."

அன்று வார்ட்டிலிருந்தே தங்கச்சிக்குப் போன் எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"அங்கயும் சட்டம் இருக்குத்தானே ராத்தா?"

"ஓம், இருக்கு."

மகள் எழுந்து அழத் தொடங்கினாள். போனை வைத்துவிட்டுப் பால்மா கரைக்கப் போனேன்.