பள்ளக்காட்டுக்குப் பூக் கேட்ட நாள்

எங்கள் அப்பா எஸ்டேட் மேஸ்திரி. மாமன் ஊர்க் கோயில் பூசாரி. இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு வேலி. வேலிக்கு இந்தப் பக்கம் மிளகும் காப்பியும். அந்தப் பக்கம் ஊர். நாங்கள் எஸ்டேட் வீட்டில் இருந்தோம். அம்மா அந்த ஊரில் பிறந்தவள், மாமன் அவளுக்கு அண்ணன். அதனால் எந்தச் சண்டை எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் எங்கள் அடுப்படிக்குத்தான் வரும்.

எஸ்டேட் கைமாறியது. புது முதலாளி நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருந்தவர். நல்ல மனுஷர். சும்மா இருக்கத்தான் தெரியாது. பழைய முதலாளி இருந்தவரை காடு தன்பாட்டில் காய்த்தது, தன்பாட்டில் கொட்டியது. இவர் வந்ததும் எல்லாம் வரிசைக்கு வந்தது. சில்வர் ஓக் மரங்களுக்குக் கிளை கழித்தார். மிளகுக் கொடியை ஏணி வைத்து ஏறிக் கட்டச் சொன்னார். காப்பிக்குள் மேய்ந்த ஆடுகளை நிறுத்த கேட் போட்டார். ஜீப் சத்தம் கேட்டால் அப்பா சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே ஓடுவார்.

மாமனுக்கு ஒரே சிரிப்பு.

"மாப்ளே, உங்க மொதலாளி மொளகுக் கொடிக்கும் தீவனத் தொட்டி வெச்சுருவாராட்ட இருக்குது."

அப்பா சிரிக்கமாட்டார். அவர் மலைக்குக் கீழே இருந்து வந்தவர். வேலை என்றால் வேலை. அதில் விளையாட்டு அவருக்குப் பிடிக்காது.

எஸ்டேட்டின் அடியில் பள்ளக்காடு. மழைத் தண்ணீர் அங்கே வந்து நிற்கும். நின்ற தண்ணீர் மெல்லக் கசிந்து கீழே ஊர் வயலுக்கு இறங்கும். நெல்லுக்கு அதுதான் தண்ணீர். பிள்ளைகளுக்கு அங்கே நண்டு கிடைக்கும். வேறு பிரயோசனம் இருப்பதாக யாரும் நினைத்ததில்லை. முதலாளி நினைத்தார். வந்து காலை விட்டுப் பார்த்தார். ஒரு செருப்பு சேற்றோடு போய்விட்டது. மற்றதைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"மேஸ்திரி, இத வடிச்சுட்டா இங்கயும் மொளகு போடலாமுங்களா?"

"தாராளமாப் போடலாமுங்க."

வேரில் தண்ணீர் நின்றால் மிளகு மஞ்சளித்துச் செத்துப்போகும். வடிந்துவிட்டால் அந்தக் கறுப்பு மண்ணில் எதை நட்டாலும் வரும். அப்பாவுக்கு அந்த இடத்தின்மேல் ரொம்ப நாளாகக் கண் இருந்திருக்கிறது. எங்களுக்குத் தெரியாது.

லாரியில் பொக்லைன் ஏறி வந்தது. ஒவ்வொரு வளைவிலும் லாரி பின்னால் போய், முன்னால் வந்து, மறுபடி பின்னால் போய்த்தான் திரும்பியதாம். நாங்கள் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அதன் பின்னால் போனோம். வாத்தியாரும் வந்தார். எங்களைப் பிடித்துப் போகத்தான் வந்தார், அப்புறம் அவரும் நின்றுவிட்டார். பொழுது சாய்வதற்குள் கால்வாய் தயார். பள்ளக்காட்டுத் தண்ணீர் எழுந்து நடந்த மாதிரி எஸ்டேட் குட்டைக்குப் போய்ச் சேர்ந்தது. அப்பா கரையில் நின்று அதையே பார்த்தார். அவர் அவ்வளவு நேரம் வேலை செய்யாமல் நின்று நான் பார்த்ததில்லை.

மறுநாள் காலையில் மாமன் ஊர் ஆட்களோடு வந்தார். கேட் திறந்துதான் கிடந்தது. வெளியிலேயே நின்றார். அதைப் பார்த்ததும் அம்மா அடுப்பைத் தணித்தாள்.

"ஏனுங்க மாப்ளே, பூக் கேட்டீங்களா?"

அப்பா கால்வாய்ப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

எங்கள் மலையில் மண்ணை வெட்டுமுன் சாமியிடம் பூக் கேட்க வேண்டும். கிணறு என்றாலும் கேட்க வேண்டும், வீடு என்றாலும் கேட்க வேண்டும். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், சிவப்பு அரளி ஒரு பொட்டலம். இலையில் மடித்து நாரால் கட்டி, சாமி காலடியில் போடுவார்கள். ஒரு சின்னப் பிள்ளை ஒன்றை எடுத்துத் தரும். வெள்ளை வந்தால் வேலை நடக்கும். சிவப்பு வந்தால் விட்டுவிட வேண்டியதுதான். மலையில் பிறந்த யாருக்கும் இது மறக்காது. அப்பா மலையில் பிறக்கவில்லை.

"வயலுக்கு வார தண்ணியத் திருப்பீட்டீங்க. சாமிகிட்டயும் ஒரு வார்த்த கேக்கல. வெட்டுன குழிய மூடச் சொல்லுங்க."

"மூடச் சொல்ல நா யாரு மச்சான்? காடு மொதலாளியோடது."

"அப்ப அவரக் கூப்புடுங்க."

முதலாளி வந்தார். அவருக்குக் கோபம் ஊர்மேல் இல்லை, அப்பாமேல்.

"இந்த ஊர்ல எது எதக் கேட்டுச் செய்யோணும்னு சொல்றதுக்குத்தான மேஸ்திரி உங்கள வெச்சிருக்கறன்? குழிய மூடற மாதிரி ஆச்சுன்னா நா வேற ஆளப் பாத்துக்கறன்."

வேறு ஆள் வந்தால் எஸ்டேட் வீடும் அந்த ஆளுக்கு. அப்பா மதியம் சாப்பிடவில்லை. அம்மா சாப்பிட்டாள். பரணில் இருந்த தகரப்பெட்டியை இறக்கித் தூசி தட்டினாள். பிறகு தலையைச் சீவிக் கொண்டை போட்டாள்.

"எங்க கெளம்பீட்ட?" என்றார் அப்பா.

"எங்கண்ணங்கூடச் சண்ட போட."

அந்த வாரம் முழுக்க அவள் வேலியைத் தாண்டிப் போவதும் வருவதுமாக இருந்தாள். சண்டையில் அவள் குரல் எஸ்டேட் வரைக்கும் கேட்டது. அதற்குப் பிறகு கேட்கவில்லை. கேட்காதபோதுதான் காரியம் நடந்திருக்கிறது. கால்வாயில் ஒரு மடை வைப்பது என்று பேச்சு. தண்ணீர் முதலில் ஊர் வயலுக்கு, மிச்சம் குட்டைக்கு. முதலாளியிடம் அம்மாவே இதைச் சொன்னாள். அவர் யோசித்தார். அம்மா காப்பி கொடுத்தாள். மறுபடி யோசித்தார். மறுபடி கொடுத்தாள்.

"மொளகுக்குத் தண்ணி நிக்கக்கூடாது, அவ்வளவுதான. அது எங்க போனா எனக்கென்னங்க?" என்றார் கடைசியில், தானே கண்டுபிடித்த மாதிரி.

"அதாங்க," என்றாள் அம்மா.

ஊரும் சரி என்றது. ஆனால் பூ பாக்கி இருந்தது. "மனுசன் ஒத்துக்கிட்டாப் போதுமா? சாமி ஒத்துக்கோணுமல்லொ?" என்றார் ஊர்ப் பெரியவர். சிவப்பு வந்தால் மடை இல்லை, மிளகு இல்லை. எங்களுக்கு வீடு இல்லை.

பூ எடுக்க மாமன் என்னைச் சொன்னார். கூட்டத்தில் ஒருவர் எழுந்துவிட்டார்.

"மேஸ்திரி புள்ள எடுத்தா நாயமுங்களா?"

"எம் பொறந்தவ புள்ளையுந்தான் அது. ரெண்டு பக்கத்துக்கும் சொந்தம். அப்புடி வேற ஒரு புள்ள இருந்தாக் கூட்டிட்டு வா, பாக்கலாம்."

அவர் உட்கார்ந்துவிட்டார்.

விடிந்ததும் பச்சைத் தண்ணீரில் தலைக்கு ஊற்றி, புதுப் பாவாடை கட்டிவிட்டாள் அம்மா. பல் கிடுகிடுத்தது. கோயில் எல்லைக்குள் செருப்பு ஆகாது. முதலாளி வெறுங்காலில் கல்லுக்குக் கல் தாவி வந்தார். ஊர்ப் பிள்ளைகள் பின்னாலேயே அதே மாதிரி தாவி வந்தன. கோயிலுக்குப் பின்னால் அம்மாவும் மாமனும் உட்கார்ந்து பொட்டலம் கட்டினார்கள். இரண்டு பேரும் பேசிக்கொள்கிறார்கள் என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம். சின்னப் பிள்ளைகள் மாதிரி குனிந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் கிட்டப் போனேன்.

"போ சாமி, போயி அப்பங்கூட நில்லு," என்று அம்மா விரட்டினாள்.

அப்பா கண்ணை மூடி நின்றார். உதடு மட்டும் அசைந்தது. என் தோளில் கை வைத்திருந்தார்.

மேளம் நின்றது. மாமன் என்னைக் கூப்பிட்டார். சாமி காலடியில் இரண்டு பொட்டலம். ஒரே அளவு, ஒரே இலை. எனக்கு அழுகை வரும் போலிருந்தது. வலப்பக்கப் பொட்டலத்தின்மேல் ஒரு கட்டெறும்பு ஏறியது. கடிக்குமே என்று இடப்பக்கத்தை எடுத்து மாமன் கையில் கொடுத்துவிட்டேன்.

மாமன் அதைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினார். நார் முடிச்சு லேசில் அவிழவில்லை. நகத்தால் நோண்டினார். பல்லால் கடிக்கவும் முடியாது, சாமி பூ. ஊரே மூச்சு விடாமல் பார்த்தது.

"வெள்ள!" என்று அம்மா கத்தினாள்.

அப்புறம்தான் முடிச்சு அவிழ்ந்தது. இலை விரிந்தது. வெள்ளை அரளி.

மேளக்காரர் அடித்த அடியில் மேளம் கிழியாமல் இருந்ததே பெரிது. அப்பா என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். நான் தூக்கும் வயதைத் தாண்டியிருந்தேன். அவர் முகம் நனைந்திருந்தது. "கைராசிக்காரி! மொதக் கொடி நீதான் நடோணும் கண்ணு," என்றார் முதலாளி. மற்றப் பொட்டலத்தை மாமன் பிரிக்காமலே கொண்டுபோய் ஓடையில் விட்டார். ஏதோ அவசரம் மாதிரி.

அன்றே மடையைத் திறந்தார்கள். தண்ணீர் வயலுக்குள் இறங்கியது. நாங்கள் அதற்கு முன்னால் ஓடினோம். அது எங்களைப் பிடிக்க வந்தது, வரப்பு ஏறித் தப்பித்தோம், மறுபடி இறங்கி மாட்டிக்கொண்டோம். புதுப் பாவாடை சேறு. யாரும் திட்டவில்லை. பொங்கலும் பலாச்சுளையும் வயிறு கொள்ளாமல் தின்றோம். மாமன் அப்பா இலையில் தன் கையால் நெய் ஊற்றினார். அப்பா சிரித்தார்.

ஓடையில் போன பொட்டலத்திலும் வெள்ளைதான் இருந்தது. பல வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அப்பாவுக்கு இன்றைக்கும் தெரியாது.

அன்று வீட்டுக்குத் திரும்பும்போது அம்மாவிடம் கேட்டேன்.

"ஏம்மா, மாமன் அவுக்கறதுக்கு முன்னாலயே வெள்ளைன்னு உனக்கு எப்புடித் தெரிஞ்சுது?"

அம்மா நடையை நிறுத்தவில்லை.

"வாசத்துலயே தெரியும், போ."

அதற்குப் பிறகு ரொம்ப நாள் நான் அரளிச் செடிகளை மோந்துகொண்டு திரிந்தேன். வெள்ளையை ஒரு தரம், சிவப்பை ஒரு தரம். இரண்டும் ஒரே வாசமாகத்தான் இருந்தது. என் மூக்கில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டேன்.