நம்பாமல் படித்தவர்

எண்பதுகளின் முடிவில் ராஜபாளையம் நூலகத்தில் ஒரு பெண் வேலை பார்த்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, எந்தப் புத்தகத்தையும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் புரட்டுவார். நார்வேக்காரர்களின் பழைய தெய்வங்களைப் பற்றி ஸ்ரீவில்லிபுத்தூரில் பேச ஒப்புக்கொண்டிருந்த நான், வாங்கிவந்த புத்தகத்தை அவரிடம் பெருமையாகக் காட்டினேன்.

"எங்கிருந்து எடுத்தேன்னு இவரு ஒரு வரிகூடப் போடலையே, சார்" என்று சொல்லி வேறொன்றைத் தந்தார். "இது பரவால்ல. ஆனா இதுக்கு மூலமும் அந்தச் சாமிகளக் கும்பிட்டவிய எழுதினதில்ல. ஊரே கிறிஸ்து வேதத்துக்கு மாறி எம்புட்டோ காலம் கழிச்சு எழுதினது."

"அப்ப எதைத்தான் நம்புறது?"

"சந்தேகத்தோட படிங்க, சார்."

எழுதிவைத்திருந்த பேச்சில் பாதியை வெட்டினேன். கூட்டத்துக்கு அவரும் வந்து, நான் பேசப் பேச எதையோ குறித்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் குறித்த காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். அந்தக் காகிதத்தில் என்ன இருந்தது என்று கேட்க எனக்குத் துணிவு வரவே இல்லை.