பூச்சுக்கு எப்போ?

வீட்டுக்கு ப்ளான் போட்டுக் கொடுப்பவனை ஊரில் யாரும் நம்ப மாட்டார்கள், பூச்சு வேலை முடியும்வரை. நீங்களும் கட்டடம் எழுப்பிப் பார்த்தவரென்றால் என் கதை உங்களுக்குப் புரியும்.

காலி மனை

தொண்ணூறுகளின் கடைசியில் நர்ஸ் ஸ்டெல்லாவும் பஸ் டிப்போ மெக்கானிக்கான அவர் கணவர் தேவராஜும் என்னிடம் வந்தார்கள். காஞ்சிபுரத்தில் ஓரிக்கை போகும் வழியில் ஒரு வேப்பமரத்தோடு காலி மனை வாங்கியிருந்தார்கள். கையில் இருந்தது கொஞ்சம்தான். கல்யாணமானதிலிருந்து வாடகை வீடுகள். போன இடமெல்லாம் முதல் கேள்வி, "நீங்க என்ன ஆளுங்க?" பதிலைக் கேட்டதும் பாதி வீடுகள் வேறு யாருக்கோ பேசி முடித்ததாகிவிடும்.

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. சுவருக்குப் பூச்சு வேண்டாம், நல்ல செங்கல்லை அடுக்கி இடுக்கை மட்டும் அடைத்தால் போதும் என்றேன். சிமெண்டு மிச்சமாக கான்கிரீட் கூரைக்குள் நடுநடுவே ஓடு. காற்று வர செங்கல்லையே இடைவெளி விட்டு அடுக்கிய ஜாலி. மழைத்தண்ணீர் போக மரத்தடியில் குழி. எல்லாவற்றுக்கும் தலையாட்டிய ஸ்டெல்லா கடைசியில் சொன்னார்:

"எப்படியோ கட்டுங்க சார். வூட்டுக்காரன் வந்து கதவைத் தட்டாத வூடா இருந்தா போதும்."

பிரதிஷ்டை ஜெபம்

செங்கல் வரிசை ஒன்றுகூடப் பிசகாமல் வீடு எழுந்தது. குடிபோகிற அன்று சொந்தக்காரர்கள் வந்தார்கள். சுவரைத் தடவிப் பார்த்தார்கள், பிறகு தேவராஜைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். "லோன் பத்தலியா?" என்று ஒருவர் காதோடு கேட்டது எனக்கும் கேட்டது.

பாஸ்டர் ஐயா கண்ணை மூடிக் கைகளை உயர்த்தினார். நானும் பக்தியோடு நின்றேன்.

"ஆண்டவரே, பாதியில நிக்கிற இந்த வேலையை நீரே முடிச்சுத் தாரும்!"

எல்லோரும் சொன்ன ஆமென் தெருமுனைவரை கேட்டிருக்கும்.

கத்திரி வெயில்

அந்தக் கோடையில் தெருவே அவிந்தபோது அந்த வீடு மட்டும் குளுமையாக இருந்தது. பக்கத்து வீட்டில் தறி போட்டிருந்த சரோஜம்மா மத்தியானமானால் இங்கே வந்து படுத்துவிடுவார். போதாதா? ஒருநாள் கர்வத்தோடு அவரிடமே கேட்டேன், வீடு எப்படி என்று.

"உள்ள நல்லாத்தான் இருக்குது சார். ஆனா, சாயம் ஏத்தாத பட்டை யாருனா கட்டிக்கினு கல்யாணத்துக்குப் போவாங்களா?"

மாப்பிள்ளை வீட்டார்

ஸ்டெல்லாவின் பெண்ணைப் பார்க்க வாலாஜாபாத்திலிருந்து வந்தவர்கள், வீட்டை முடித்துவிட்டுச் சொல்லி அனுப்புங்கள் என்று எழுந்து போய்விட்டார்கள். பூச ஆள் வைக்கப்போவதாக ஸ்டெல்லா என்னிடம் வந்து சொன்னார். உஷ்ணம் ஏறும், வீண் செலவு, செங்கல்லின் அழகே போய்விடும் என்று மூச்சு விடாமல் பேசினேன். முழுவதையும் கேட்டுவிட்டுத்தான் அவர் வாயைத் திறந்தார்.

"பூசாத செவுரு எங்களுக்குப் புதுசா சார்? நான் பொறந்து வளர்ந்ததே அதுலதான். அப்ப வழியில்லாம பூசலை. இப்ப வழியிருந்தும் பூசலைன்னா யாரு சார் நம்புவாங்க?"

ரோஸ் கலர்

கல்யாணப் பத்திரிகை வந்தது. போனேன். வீடு முழுக்க ரோஸ் கலர். ஜாலிகளை அடைத்திருந்தார்கள். ஃபேன் அனலை வாரி இறைத்தது. சரோஜம்மா மத்தியானம் படுக்க இப்போதெல்லாம் இங்கே வருவதில்லையாம். எனக்குத் துக்கமாக இருந்தது, மறைப்பானேன்? ஆனால் வாசலில் வந்தவர்களை வரவேற்ற ஸ்டெல்லாவின் முகத்தை அவ்வளவு நிமிர்வாக நான் அதுவரை பார்த்ததில்லை. அந்த நிமிர்வை என் ப்ளானில் எங்குமே நான் வரைந்திருக்கவில்லை.

தேவராஜ் என் கையைப் பிடித்துப் பின்பக்கம் கூட்டிப்போனார். வேப்பமரத்தைப் பார்த்த ஒரு சுவர் மட்டும் செங்கல் சிவப்பிலேயே இருந்தது.

"மனசு கேக்கலை சார். உங்களுக்குன்னு இதை மட்டும் விட்டுட்டோம். இந்தப் பக்கம்தான் யாரும் வர மாட்டாங்க."

காஞ்சிபுரத்தில் நான் முழுசாகக் கட்டி முடித்தது என்று சொல்லிக்கொள்ள அந்த ஒரு பின்சுவர்தான் இருக்கிறது, அதையும் பார்க்கிறவர்கள் பாக்கி வேலை என்றுதான் சொல்கிறார்கள்.