வாங்காத கொட்டாங்குச்சி

இரும்பு உரலில் நங்கோனா வேர் இடிபடும் சத்தமும், அதைத் துணியில் பிழிகையில் எழும் ஈரமண் வாசனையும் சேர்ந்து வந்தால் எங்கள் வீட்டில் விருந்தாளிகள் என்று பொருள். எங்கள் தீவில், லம்பாசா ஊரின் நசியா கடைத்தெருவில் அப்பாவின் தையற்கடைக்குப் பின்னால் பாய் விரித்து, லேசாகப் போதையேற்றும் அந்தச் சேற்றுநிறத் தண்ணீரைக் கொட்டாங்குச்சியில் மொண்டு நீட்டுவார்கள். பாயில் உட்கார்ந்த எவருக்கும் நீட்டியாக வேண்டும், நீட்டியதை மறுப்பது நீட்டியவரை அறைவதற்குச் சமம்.

இந்தச் சட்டத்தை ஆயுதமாக்கியவர் ஜெபமணி நர்ஸ். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி போவதே மானக்கேடு என்றிருந்த வீடுகளிலிருந்து பெண்களைக் கரும்பு லாரியில் ஏற்றிக்கொண்டு போன, எங்கள் பக்கத்தின் முதல் தமிழ் நர்ஸ். பள்ளிக்கூடப் பெண்ணுக்குக் கல்யாணம் என்று தெரிந்தால், பெண்கள் உட்காராத அந்தப் பாயில் போய் உட்கார்ந்து, கொட்டாங்குச்சி வந்ததும் கையைக் கட்டிக்கொள்வார். "பொண்ணு படிப்ப முடிக்கட்டும்னு சொல்லு, குடிக்கிறேன்." நாலுபேர் பார்க்க, நீட்டிய கை வலிக்க, அப்பன்மார் சொல்லிவிடுவார்கள். பிற்காலத்தில் நான் வேலை பார்த்த அரசு அலுவலகங்களில் இவ்வளவு விரைவாக முடிந்த நடைமுறை எதையும் கண்டதில்லை.

ராணுவம் முதல்முறை ஆட்சியைப் பிடித்த ஆண்டு, இந்திய வம்சாவளியினரான எங்கள் ஊரே நாட்டைவிட்டு வெளியேறும் நடைமுறையை மனப்பாடம் செய்தது: போலீஸ் சான்றிதழ், வரிச் சான்றிதழ், மார்பு எக்ஸ்ரே. இவற்றுக்கெல்லாம் குறுக்குவழி, கனடாவில் ஒரு மாப்பிள்ளை. பதினாறு வயது அக்காவுக்கு நாற்பது வயதுக்காரரின் புகைப்படம் வந்தது. "ஒருத்தி போனா எல்லாரும் போலாம்" என்றார் அப்பா. அக்கா நர்ஸுக்குச் சொல்லியனுப்பினாள். அவளுக்கு அடுத்தவள் நான் என்பதால் எனக்கும் அதே பயம்.

தரகர் வந்திருந்த அன்று நர்ஸும் வந்து பாயில் உட்கார்ந்தார். அப்பா நீட்டினார். கதவுக்குப் பின்னால் அக்கா என் மணிக்கட்டை இறுக்கினாள். நர்ஸ், வாங்குபவர் செய்யும் முறைப்படி ஒருமுறை கைதட்டி, வாங்கி, ஒரே மூச்சில் குடித்தார்.

அப்பாவே திகைத்துப்போனார். "என்ன நர்ஸம்மா, ஒண்ணும் கேக்கலியா?"

"எனக்கு ஆக்லந்து விசா வந்துடிச்சி தம்பி. நானே ஓடறேன், ஒன் பொண்ண இருன்னு எந்த வாயால சொல்ல?"

அக்கா என் மணிக்கட்டை விட்டுவிட்டாள்.

பஜியா தட்டோடு வந்த அம்மா அதைக் கீழே வைத்துவிட்டு நர்ஸுக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தாள். தரகர் இருமினார். வேறு வழியின்றி அப்பா மொண்டு நீட்டினார். அம்மா கையைக் கட்டிக்கொண்டாள்.

"நர்ஸம்மா போவட்டும். நான் இங்கதான இருக்கறேன். சொல்லுங்க."

அப்பாவின் கை ஆடி, தண்ணீர் விரல்வழியே பாயில் சொட்டியது. கொட்டாங்குச்சி பாதி காலியான பிறகு, யாரையும் பார்க்காமல், "முடிக்கட்டும்" என்றார். அம்மா மிச்சத்தைக் குடித்து முகம் சுளித்தாள்.

நர்ஸ் போனவர் திரும்பவில்லை. அக்கா படித்து நர்ஸானாள். பின்னர் வந்த இன்னொரு ஆட்சிக்கவிழ்ப்புக்குப் பிறகு அவளும் போனாள், தன் படிப்பைக் காட்டி, தன் பெயரில் வாங்கிய விசாவில். தாள்களை வரிசைப்படுத்திக் கொடுத்தவள் நான்.

உரல் கொல்லையில் துருப்பிடித்துக் கிடக்கிறது; நங்கோனா இப்போது பொடியாகப் பொட்டலத்தில் வருகிறது. பெண்களும் பாயில் உட்கார்கிறோம், இங்கே எல்லா இந்தியர்களுக்கும் பொதுவாகிவிட்ட இந்தியில் வம்பளக்கிறோம். எது நீட்டப்பட்டாலும், எதுவும் கேட்காமல், கைதட்டி வாங்கிக் குடித்துவிடுகிறோம்.