வராத வெந்நீரும் என் இங்கிலீஷும்

கொடைக்கானல் நாயுடுபுரத்தில் ஒரு லாட்ஜில் ஆறு வருடம் அறை கூட்டிப் படுக்கை விரித்தேன். வரவேற்பு மேசையில் இருந்த பெண் கல்யாணமாகிப் போனதும், அந்த நாற்காலி எனக்கு வேண்டும் என்று முதலாளியிடம் வாய்விட்டே கேட்டேன். "இங்கிலீஷ் வருமா?" என்றார். "படிச்சுக்கிறேங்க சார்" என்றேன்.

மதியம் வேலை ஒழிந்த நேரத்தில் கைப்பேசியில் பாடம் கேட்டேன். தினமும் நடப்பதைச் சொல்ல ஒரு மாதிரி, இந்த நிமிடம் நடப்பதைச் சொல்ல வேறு மாதிரியாம். 'ஐ க்ளீன் ரூம்ஸ்' என்றால் அது என் பிழைப்பு. 'ஐ ஆம் க்ளீனிங்' என்றால் இப்போது கையில் துடைப்பம் இருக்கிறது. அதுவரை எல்லாவற்றுக்கும் 'இங்' போட்டுத் தள்ளியவள் நான். 'ஐ ஆம் நோயிங் கொடைக்கானல்' என்று சொல்லப்போய் ஒரு விருந்தாளி விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குத் தெரிந்த கொடைக்கானலில் கால்வாசி அவருக்குத் தெரியுமா? அந்த வீம்பிலேயே படித்தேன். கழிவறை தேய்க்கும்போதும் வாய் முணுமுணுத்துக்கொண்டே இருக்கும்.

ஒரு மாதம் கழித்து முதலாளி ஒருநாள் மட்டும் உட்காரச் சொன்னார். சாயங்காலம் ஆறு மணி வரை பார்ப்பாராம், சரிப்பட்டால் நாற்காலி எனக்கு.

அன்று விடிந்ததிலிருந்தே மூடுபனி. எங்கள் லாட்ஜில் வெந்நீர் காலை ஆறு முதல் ஒன்பது வரைதான். அதற்குப் பிறகு மொட்டைமாடி சோலாரை நம்ப வேண்டும். வெயில் இல்லாவிட்டால் அது சும்மா கிடக்கும். ஆனாலும் யார் கேட்டாலும் 'கமிங் சார், கமிங்' என்று சொல்லிவிட வேண்டும், அதுதான் அங்கே வழக்கம். அவர்களும் குழாயைத் திறந்துவைத்துக் காத்திருந்து, அலுத்துப்போய்ப் பச்சைத் தண்ணீரிலேயே குளிப்பார்கள்.

மூன்று மணிக்கு ஒரு வடநாட்டு அம்மா கைக்குழந்தையோடு இறங்கி வந்தார். பிள்ளையைக் குளிப்பாட்ட வேண்டும், வெந்நீர் வருகிறதா என்று இங்கிலீஷில் கேட்டார். பக்கத்தில் நின்ற முதலாளி, வருகிறது என்று சொல்லும்படி கண்ணைக் காட்டினார்.

"நோ மேடம். இட் இஸ் நாட் கமிங். இட் கம்ஸ் அட் சிக்ஸ், மார்னிங். நவ் கிச்சன்ல இருந்து ஒன் பக்கெட் ஐ கிவ்."

அந்த அம்மா தலையாட்டிவிட்டு மாடியேறினார். முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது.

"ஏம்மா, வருதுன்னு சொன்னா கொறஞ்சா போயிருவ? எல்லாரும் சொல்றதுதான?"

"வரலியேங்க சார். வராதத வருதுன்னு நான் எந்த பாஷையிலயும் சொல்ல மாட்டேன். பச்சப்புள்ள துணிய உரிச்சுப் போட்டுட்டு அந்தம்மா குளிருல காத்துக் கெடக்கணுமா?"

"அப்ப நாளையிலருந்து பழையபடி ரூம் கூட்டுற சோலியவே பாரு. இதுக்கு வேற ஆள் பாத்துக்கிறேன்."

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எத்தனை ஆசைப்பட்ட நாற்காலி! அழுகையைவிடக் கோபம்தான் பெரிதாக வந்தது.

"நாளைக்குப் போறேங்க சார். இன்னிக்கு ஆறு மணி வரைக்கும்னு நீங்கதான சொன்னீங்க? மணி மூணுதான் ஆகுது."

சமையற்கட்டில் சொல்லி அந்த அம்மாவுக்கு வாளியைக் கொடுத்தனுப்பிவிட்டு, மறுபடியும் அதே நாற்காலியில் உட்கார்ந்தேன். ஆறு மணிக்குள் இன்னும் நான்கு அறைகளிலிருந்து வெந்நீர் கேட்டு போன் வந்தது. நான்கு பேரிடமும், முதலாளி காதில் நன்றாக விழும்படி, "நாட் கமிங் சார்" என்றேன்.